கதவு எண்ணும் திறந்த வரைபடமும்

நுழையும்முன்

ஒரு வீட்டுக்கு ஒரு முகவரிதான் இருக்கும் என்பது பொதுவான எண்ணம். சொத்துவரிப் பதிவேட்டில் ஒன்று, மின் இணைப்பு அட்டையில் ஒன்று, பட்டாவில் ஒன்று, ஊரார் வாய்ச்சொல்லில் ஒன்று என அது நான்காகப் பிரிந்து கிடப்பது, நள்ளிரவில் அவசர ஊர்தி ஒன்று தெருமுனையில் நின்று வழி கேட்கும்போதுதான் தெரியவரும். அரசு ஏடுகளில் உள்ள முகவரிகளை மக்கள் தாமே வரைந்த வரைபடத்தில் சேர்க்கும் முயற்சி பல நாடுகளில் நடந்துள்ளது. அம்முயற்சியின் இயல்பையும் இடர்களையும் எரியோடு போன்ற ஓர் ஊரை முன்னிறுத்தி விளக்குகிறது இப்பாடம்.

உறையின்மீது சில வரிகள்

திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறை வழியாகக் கரூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள பேரூராட்சி எரியோடு. கரூர் – திண்டுக்கல் இருப்புப்பாதையில் இவ்வூருக்கு ஒரு தொடர்வண்டி நிலையமும் உண்டு. இங்கு வரும் ஒரு கடிதத்தின் உறையில், பெறுநரின் பெயருக்குக் கீழே, எடுத்துக்காட்டாக இவ்வாறு எழுதப்பட்டிருக்கலாம்: இன்னாரின் மகன், கதவு எண் 4/12, வடக்குத் தெரு, எரியோடு அஞ்சல், வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பார்வைக்குத் தெளிவான முகவரி. ஆயினும் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு வகையான செய்தியைத் தருகிறது. தந்தையின் பெயர் இடத்தைக் குறிப்பதன்று, உறவைக் குறிப்பது. ஊரில் ஒரே பெயருடையோர் பலர் இருக்கும்போது அஞ்சல்காரருக்கு உதவுவது கதவு எண்ணைவிட இந்த உறவுக் குறிப்பே. கதவு எண்ணில் சாய்கோட்டுக்கு முன்னுள்ள எண், பல உள்ளாட்சிகளில் வார்டைக் குறிக்கும். பின்னுள்ளது அவ்வார்டில் வீட்டின் வரிசை எண். வார்டுகள் மறுவரையறை செய்யப்பட்டால் வீடு நகராமலேயே அதன் எண் மாறிவிடும். வடக்குத் தெரு என்பது எதற்கு வடக்கே என்பதை முகவரி சொல்வதில்லை. கோயிலுக்கு வடக்கு, ஊருணிக்கு வடக்கு, பழைய ஊர்நடுவுக்கு வடக்கு என அஃது ஊருக்கு ஊர் வேறுபடும்.

'எரியோடு அஞ்சல்' என்னும் தொடர் இன்னும் நுட்பமானது. வீடு எரியோட்டில் இருக்கிறது என்பது அதன் பொருளன்று. எரியோட்டு அஞ்சலகத்தின் பொறுப்பில் இருக்கிறது என்பதே பொருள். சுற்றுப்புறச் சிற்றூர்களில் உள்ள வீடுகளுக்கும் இதே தொடர் வழங்கும். மாவட்டப் பெயரும் நிலையானதன்று. 1985 செப்டம்பர் 15 அன்று மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய கிரயப் பத்திரங்களில் இவ்வட்டார வீடுகளெல்லாம் மதுரை மாவட்டத்து வீடுகளே.

இத்தனை இடைவெளிகளையும் நிரப்பி, கடிதத்தை உரியவர் கையில் சேர்ப்பது அஞ்சல்காரரின் நினைவு. எந்த வீட்டில் யார், யாருடைய மகன் எந்தத் தெருவுக்குக் குடிபெயர்ந்தார் என்பதெல்லாம் அவர் அறிவார். எழுதப்படாத அந்த ஏடு அவர் பணி ஓய்வு பெறும் நாளில் அவருடனேயே சென்றுவிடும். 2008இல் தமிழகத்தில் தொடங்கப்பட்ட 108 அவசர ஊர்திச் சேவையின் ஓட்டுநருக்கு அந்த நினைவு வாய்க்காது. வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளுக்கு வெளிமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளி, உடன் தங்கியிருப்பவர் மயங்கி விழும்போது, இருக்கும் இடத்தைத் தொலைபேசியில் எப்படிச் சொல்வார்? 'மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால்' என்று சொல்லக்கூட ஊர்ப்பழக்கம் வேண்டும்.

தஞ்சைக் கல்லில் வீட்டு வரிசை

முகவரிப் பதிவேடு ஆங்கிலேயர் கொண்டுவந்த வழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று அவ்வெண்ணத்தை மாற்றும். முதலாம் இராசராசன் காலத்து அக்கல்வெட்டு, கோயிற் பணிக்கெனப் பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொருவரின் பெயர், அவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதோடு, அவருக்கு அளிக்கப்பட்ட வீடு எது என்பதும் பொறிக்கப்பட்டுள்ளது. தெற்குத் தளிச்சேரி என்பது தெருப்பகுதி; தென்சிறகு, வடசிறகு என்பன தெருவின் இரு வீட்டு வரிசைகள்; முதல் வீடு தலைவீடு; அடுத்தவை இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு எனத் தொடரும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரு, வரிசை, எண் ஆகிய மூன்றும் கொண்ட முறையான முகவரி இருந்திருக்கிறது. வீடுகளின் வரிசையைச் 'சிறகு' என்றழைத்த அழகு தனியே எண்ணிப் பார்க்கத் தக்கது.

அக்கல்வெட்டு இன்றும் பிழையின்றிப் படிக்கத்தக்க நிலையில் உள்ளது. தெற்குத் தளிச்சேரியின் தலைவீடு இருந்த மண் இதுதான் என்று சுட்டுவார் எவருமில்லை. பதிவேடு பிழைத்தது, இடம் தொலைந்தது.

சோழர் செப்பேடுகள் இச்சிக்கலுக்கு ஒரு விடையையும் கொண்டிருக்கின்றன. ஓர் ஊரைக் கொடையாக அளிக்கும்போது அதன் கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் எல்லைகள் வாய்க்கால், வயல், வழி முதலியவற்றைக் கொண்டு விரிவாகச் சொல்லப்படும். அத்தோடு அமைவதில்லை. பெண் யானை ஒன்றை எல்லை நெடுகிலும் நடக்கவிட்டு, அதன்வழி ஊரார் சூழ்ந்து வந்து, கல்லும் கள்ளியும் நட்ட பின்னரே கொடை முறைப்படி நிறைவுறும். இதனைப் பிடிசூழ்தல் என்பர். எழுத்தில் உள்ள எல்லையும் மண்ணில் உள்ள எல்லையும் ஒன்றே என்பதற்கு அந்த நடையே சான்று.

மக்கள் வரைந்த வரைபடம்

2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அந்நாட்டு அரசின் நில அளவை நிறுவனம் மிகத் துல்லியமான வரைபடங்களை வைத்திருந்தது. ஆனால் அவற்றைப் பயன்படுத்தக் கட்டணமும் கட்டுப்பாடும் மிகுதி. மக்களின் வரிப்பணத்தில் அளந்ததை மக்களே பயன்படுத்த முடியாத நிலையில், தாமே தெருத்தெருவாகச் சென்று புதிதாக வரைந்துவிடுவது என்று தன்னார்வலர்கள் முடிவு செய்தனர். இன்று உலகின் எல்லா நாடுகளிலும் அதற்குப் பங்களிப்போர் உள்ளனர்.

இவ்வரைபடத்தில் உள்ளவை புள்ளி, கோடு, இவற்றை இணைக்கும் உறவு ஆகிய மூன்றே. கிணறு ஒரு புள்ளி. சாலை ஒரு கோடு. கோடு தொடங்கிய இடத்திலேயே முடிந்தால் அது கட்டடமாகவோ குளமாகவோ ஆகும். ஒவ்வொன்றின்மீதும் குறிப்புச்சீட்டுகள் ஒட்டப்படும். 'வீட்டெண்' என்று ஒரு சீட்டு, 'தெரு' என்று ஒரு சீட்டு, 'அஞ்சல் குறியீடு' என்று ஒரு சீட்டு. ஊர்ப்பெயரைத் தமிழ் எழுத்தில் தருவதற்கும் தனிச்சீட்டு உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது முழுவதும் பதிவாகும். தவறான மாற்றத்தைப் பின்னோக்கித் திருப்பவும் இயலும்.

இதன் தரவை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆதாரத்தைக் குறிப்பிட வேண்டும். அதைக் கொண்டு உருவாக்கிய தரவுத்தொகுதியை வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். 2012 முதல் நடைமுறையில் உள்ள உரிமம் இவ்வாறு வரையறுக்கிறது. இதற்கு ஈடாக ஒரு கட்டுப்பாடும் உண்டு. காப்புரிமை உள்ள வேறு வரைபடங்களைப் பார்த்து ஒரு தெருப்பெயரைக்கூட எடுத்தெழுதுதல் கூடாது.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, நீரில் மூழ்கிய தெருக்களை இவ்வரைபடத்தின்மீது பொதுமக்களே குறித்துவந்தனர். எந்த வழியே படகு செல்ல வேண்டும், எந்த வழியே வாகனம் செல்லலாம் என்பதை அறிய அது உதவிற்று. தெருக்கள் ஏற்கெனவே வரையப்பட்டிருந்ததால்தான் அது கைகூடியது. தமிழகத்துச் சிறு நகரங்களில் சாலைகளும் கோயில்களும் பள்ளிகளும் இதில் இடம்பெற்றுவருகின்றன. கதவு எண்களோ அரிது. பல்லாயிரம் கதவு எண்கள் உள்ளாட்சி ஏடுகளில் ஏற்கெனவே இருக்கும்போது, அவற்றை அப்படியே எடுத்து வரைபடத்தில் கொட்டிவிடலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும்.

கொட்டிப் பார்த்தவர்களின் பட்டறிவு

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையிடம் நாடு முழுவதற்குமான சாலைத் தரவு இருந்தது. டைகர் எனப்படும் அத்தரவு கட்டுப்பாடற்றது. 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் அது முழுவதும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றப்பட்டது. வெறுமையாகக் கிடந்த ஒரு கண்டம் சில மாதங்களில் சாலைகளால் நிறைந்தது. மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. கணக்கெடுப்பாளர் வீடு வீடாகச் செல்வதற்குப் போதுமான தரவு, வண்டி ஓட்டுவதற்குப் போதுமானதாக இல்லை. சாலைகள் தம் இடத்திலிருந்து விலகிக் கிடந்தன. வயல்களின் ஊடே இல்லாத சாலைகள் ஓடின. ஏற்றியவர்கள் ஒரு நன்மை செய்திருந்தனர். ஒவ்வொரு சாலையின்மீதும் 'சரிபார்க்கப்பட்டதா? இல்லை' என்று ஒரு சீட்டை ஒட்டி வைத்திருந்தனர். அச்சீட்டுகளைத் தேடித் தேடிச் சரிசெய்து நீக்கும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. நிரம்பியதுபோலத் தோன்றும் வரைபடத்தில் வரைய எவரும் முன்வருவதில்லை என்பதை அப்போது பலர் உணர்ந்தனர். வெற்றிடம் ஆளை அழைக்கும். பிழையான நிறைவு ஆளைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதற்குப் பின் விதிகள் கடுமையாயின. மொத்தமாகத் தரவை ஏற்ற விரும்புவோர் உரிமத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். திட்டத்தை எழுதி வெளியிட வேண்டும். அவ்வட்டாரப் பங்களிப்பாளர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அப்பணிக்கெனத் தனிப் பயனர்கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நியூயார்க் மாநகரின் ஏறத்தாழ 10 இலட்சம் கட்டடங்களும் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளும் 2013, 2014ஆம் ஆண்டுகளில் சேர்க்கப்பட்டபோது, மாநகரம் தேர்தல் பகுதிவாரியாகச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டையும் ஒரு மனிதர் எடுத்து, கண்ணால் பார்த்து, ஏற்கெனவே உள்ளவற்றோடு ஒப்பிட்டுச் சேர்த்தார்.

நெதர்லாந்தில் முகவரிகளுக்கும் கட்டடங்களுக்கும் சட்டப்படியான தேசியப் பதிவேடு உண்டு. 2014ஆம் ஆண்டையொட்டி அதனைத் திறந்த வரைபடத்தில் சேர்த்த தன்னார்வலர்கள் வேறொரு பயனையும் கண்டனர். தெருவில் நின்று பார்த்தபோது பதிவேட்டில் பிழை தென்பட்டால் அதை உரிய நகராட்சிக்குத் தெரிவித்தனர். நகராட்சி தன் ஏட்டைத் திருத்தியது. ஏட்டிலிருந்து வரைபடத்துக்குப் பாய்ந்த தரவு, வரைபடத்திலிருந்து ஏட்டுக்கும் பாய்ந்தது. இதுவே இம்முயற்சியின் உயர்ந்த நிலை.

எந்த ஏடு?

எரியோட்டில் இத்தகைய பணியை மேற்கொள்ள எண்ணினால் முதலில் எழும் கேள்வி, எந்த ஏட்டை எடுப்பது என்பதே. சொத்துவரிப் பதிவேட்டில் கதவு எண் உண்டு. வீடு நிற்கும் புவிநிலை இல்லை. பட்டாவில் நிலத்தின் பரப்பு உண்டு. புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் உண்டு. கதவு எண் இல்லை. வாக்காளர் பட்டியலில் தெருவும் கதவு எண்ணும் இருக்கும். கூடவே அவ்வீட்டில் வாழ்வோரின் பெயரும் வயதும் இருக்கும். பிறருடைய வாழ்க்கைக் குறிப்புகளைத் திறந்த வரைபடத்தில் வைப்பது அறமன்று. வீடு எங்கிருக்கிறது என்பது பொதுச் செய்தி. அங்கே யார் இருக்கிறார் என்பது அவ்வாறன்று.

அரசுத் தரவைப் பொதுமக்களுக்குத் திறந்து வைப்பதற்கு இந்தியாவில் 2012இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வகுக்கப்பட்டது. 2017இல் அரசுத் திறந்த தரவு உரிமம் அறிவிக்கப்பட்டது. நாட்டின் அஞ்சலகக் குறியீட்டுப் பட்டியல் அரசின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கிறது. அஃது அஞ்சலகங்களின் பட்டியலேயன்றி வீடுகளின் பட்டியலன்று. டென்மார்க் நாடு தன் முகவரித் தரவை 2002இலேயே அனைவருக்கும் திறந்துவிட்டது. 2005 முதல் 2009 வரை அதனால் விளைந்த பொருளாதாரப் பயன் ஏறத்தாழ 6.2 கோடி யூரோ என்று 2010இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பிரிட்டனோ எதிர்த்திசையில் சென்றது. அரசு அஞ்சல் நிறுவனம் 2013இல் தனியார்மயமானபோது, நாட்டின் முகவரிக் கோப்பும் அதனுடன் சேர்ந்தே கைமாறியது. முகவரி என்பது விற்பனைப் பொருளா, சாலையைப் போன்ற பொதுச் சொத்தா என்னும் கேள்விக்கு இரு நாடுகளும் இரு விடைகளைத் தந்தன.

தெரிந்து தெளிவோம்

அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இதனை வடிவமைத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஆறு இலக்கங்களில் முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிப்பு மாவட்டத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் குறிக்கும். திண்டுக்கல் பகுதிக்குரிய தொடக்க எண் 624. 2025 மே மாதம் அஞ்சல்துறை டிஜிபின் என்னும் புதிய குறியீட்டை வெளியிட்டது. இது நாட்டை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டைத் தருகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுவதால் ஊர்ப்பெயர் மாறினாலும் இக்குறியீடு மாறாது. ஆனால் மாடிவீட்டின் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் ஒரே குறியீடுதான்.

பொருத்துதல்

ஏடு கிடைத்துவிட்டது, உரிமமும் தெளிவு என்று கொள்வோம். இனிப் பொருத்த வேண்டும். ஏட்டின் வரியையும் வரைபடத்தின் வீட்டையும் கணினி ஒப்பிட்டு இணை சேர்க்கும். பெயர் ஒன்றாக இருந்து, இடமும் அருகில் இருந்தால் இரண்டும் ஒன்றே என்று அது முடிவு செய்யும். எளிய வேலைபோல் தோன்றும் இதில்தான் சிக்கல்கள் பலவும் பதுங்கியிருக்கின்றன.

முதல் விபத்து, வரைபடத்தை எட்டுவதற்கு முன்பே நேர்வதுண்டு. 4/12 என்னும் கதவு எண்ணைக் கணினியின் விரிதாளில் தட்டச்சு செய்தால் அதை அது தேதி என்று கருதிவிடும். வடக்குத் தெருவில் நாலாம் வார்டு பன்னிரண்டாம் வீடு, கண்ணிமைக்கும் நேரத்தில் டிசம்பர் 4 ஆகிவிடும்; அல்லது கணினியின் அமைப்புக்கேற்ப ஏப்ரல் 12 ஆகிவிடும். 4/127 என்ற வீட்டுக்கு இந்த இடர் இல்லை. நூற்றிருபத்தேழாம் நாளோ மாதமோ இல்லையல்லவா? எனவே ஒரு தெருவில் சில வீடுகள் மட்டும் தேதிகளாக மாறி, மற்றவை எண்களாகவே நிற்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு இது படாது.

அடுத்தது எழுத்து வேறுபாடு. எரியோடு என்பதை ஆங்கில எழுத்தில் ஒய் சேர்த்தும் எழுதலாம், சேர்க்காமலும் எழுதலாம். தமிழ் ஒலிப்புக்கேற்ப 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியாகி, அம்மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டதை நினைவுகூரலாம். அவ்வளவு பெரிய முயற்சி அவ்வளவு விரைவில் நின்றது, எழுத்துக்கூட்டல் எத்துணை இடர்மிக்கது என்பதைக் காட்டும். தமிழிலேயே கோயில் என்றும் கோவில் என்றும், மேலத்தெரு என்றும் மேற்குத் தெரு என்றும், சுருக்கமாக மே.தெரு என்றும் எழுதுவர். மனிதருக்கு இவை ஒன்று, கணினிக்கு வெவ்வேறு.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. எரியோட்டிலும் ஒரு வடக்குத் தெரு இருக்கலாம். அதே அஞ்சலுக்கு உட்பட்ட பக்கத்துச் சிற்றூரிலும் ஒரு வடக்குத் தெரு இருக்கலாம். மனிதருக்கு இவை வெவ்வேறு, கணினிக்கு ஒன்று. இவ்விரு பிழைகளுள் பின்னதே கொடியது. ஒன்றை வேறெனக் கருதினால் வரைபடத்தில் ஓர் இடம் நிரம்பாமல் இருக்கும். தேடி வந்தவர் யாரையேனும் கேட்டறிவார். வேறானதை ஒன்றெனக் கருதினால், தேடி வந்தவர் ஐயமின்றித் தவறான ஊருக்குச் சென்றுசேர்வார்.

வீடுகளும் ஏட்டுக்குக் காத்திருப்பதில்லை. தந்தையின் வீட்டை மக்கள் இருவர் பங்கிட்டு நடுவே சுவர் எழுப்பினால், ஊர்வழக்கில் 4/12அ, 4/12ஆ என இரு வீடுகள் தோன்றிவிடும்; மின் இணைப்பும் இரண்டாகும்; வரிப்பதிவேட்டில் அது பல்லாண்டு ஒன்றாகவே நீடிக்கலாம். எண்கள் மாற்றியமைக்கப்பட்ட ஊர்களில் பழைய எண், புதிய எண் என இரண்டையும் நிலைப்படியில் காணலாம். புதிய எண்ணை அலுவலகம் அறியும். பழைய எண்ணை உறவினர் அறிவர். திறந்த வரைபடத்தில் இரண்டுக்கும் இடமுண்டு என்பதால், ஒன்றை வைத்து மற்றதை அழிக்க வேண்டிய தேவையில்லை.

முகவரிப் புள்ளியை எங்கே வைப்பது என்பதும் எண்ணத்தக்கது. தரவிலிருந்து தானாக வைத்தால் அது மனையின் நடுவில் அமையும். முன்வாசல் வடக்குத் தெருவிலும் கொல்லைப்புறம் மறுசந்திலும் உள்ள நீண்ட மனையாயின், வழிகாட்டும் செயலி அருகிலுள்ள சாலையைக் கணக்கிட்டு, வருபவரைக் கொல்லைச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே புள்ளி வாசலில் இருப்பதே நல்லது. வாசல் எத்திசை என்பது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

ஏட்டில் 4/12 என்றிருக்க, முன்பொரு தன்னார்வலர் அவ்வீட்டை 4/14 என வரைபடத்தில் குறித்துவைத்திருந்தால் யார் சொல்வதை ஏற்பது? அரசு முத்திரை உள்ளது என்பதால் ஏடு வெல்வதில்லை. முன்னரே எழுதப்பட்டது என்பதால் வரைபடமும் வெல்வதில்லை. நேரில் சென்று கதவைப் பார்ப்பதே இப்பணியில் ஏற்கப்பட்ட வழக்கம்.

பெயரும் மதிப்பும்

கதவு எண்ணைக் கதவில் பார்த்துவிடலாம். தெருப்பெயரில் அவ்வளவு எளிதன்று. ஊரின் ஒதுக்கப்பட்ட பகுதிகளைக் குறித்த 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அச்சொல் அங்கு வாழ்வோர் தேர்ந்தது அன்று; அவர்கள்மீது ஒட்டப்பட்டது. பழைய பதிவேட்டை அப்படியே வரைபடத்தில் ஏற்றினால், அரசே கைவிட முனைந்த ஒரு சொல் உலகெங்கும் உள்ள திரைகளில் புதிதாக எழுந்து நிற்கும்.

மறுபுறம், ஒரு பழைய பெயர் ஒரே நாளில் வழக்கொழிவதுமில்லை. முதியோர் ஓய்வூதிய உத்தரவில், பள்ளி மாற்றுச் சான்றிதழில், வங்கிக் கணக்கில் அதுவே எழுதப்பட்டிருக்கும். அப்பெயரைச் சொல்லி உதவி கேட்பவருக்கு வரைபடம் விடை தராமல் போகலாகாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அலுவல்முறைப் பெயர், வழக்குப் பெயர், பழைய பெயர் என்பவற்றுக்குத் தனித்தனிச் சீட்டுகள் உண்டு. பழைய பெயரைத் திரையில் காட்டாமல் தேடலுக்கு மட்டும் வைத்திருக்கவும் இயலும். எனினும் இழிவு தோய்ந்த ஒரு சொல்லைத் தேடலுக்காகவேனும் வைத்திருக்கலாமா என்பது தொழில்நுட்பம் தீர்க்கும் கேள்வியன்று. அத்தெருவில் குடியிருப்போரைக் கேட்காமல் வெளியூரில் கணினிமுன் அமர்ந்திருப்பவர் அதை முடிவு செய்தல் முறையாகாது.

தெருவில் ஒரு நடை

எனவே ஏட்டை அச்சிட்டு எடுத்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டியதாகிறது. எரியோட்டின் ஒரு தெருவை ஒரு பிற்பகலில் நடந்து முடித்துவிடலாம். கையில் உள்ள தாளில் வீட்டுக்கு ஒரு வரி, திறன்பேசியில் வரைபடம், நிலைப்படியில் வண்ணத்தால் எழுதிய எண். மூன்றும் ஒத்துவரும் வீடுகளைத் தாண்டிச் செல்வது எளிது. திண்ணையில் அமர்ந்திருப்பவரிடம் கேட்டு ஒத்துவராதவற்றைத் தெளிய வேண்டும். 'இது எந்தத் தெரு?' என்று கேட்டால் விடையோடு ஒரு வரலாறும் கிடைக்கும். அத்தகைய நடையில் இருவகை வீடுகள் எதிர்ப்படும்.

ஒன்று, ஏட்டில் இருந்து தெருவில் இல்லாத வீடு. கூரை சரிந்து, சுவர் கரைந்து, கருவேல மரம் முளைத்து நிற்கும் மனை. குடும்பம் திருப்பூருக்கோ கோவைக்கோ பிழைக்கச் சென்றிருக்கும்; வரிப்பதிவேட்டில் எண் மட்டும் எஞ்சியிருக்கும். வரைபடத்தில் அதை வீடாகக் காட்டுவது பொய்யாகும். அந்த எண்ணை முற்றிலும் துறந்தால், அவ்வெண்ணுக்கு வரும் கடிதம் வழியற்றுப் போகும். வெற்று மனைக்கும் முகவரிப் புள்ளி ஒன்றை வைக்கலாம் என்பது இதற்கான வழி.

மற்றொன்று, தெருவில் இருந்து ஏட்டில் இல்லாத வீடு. ஓடைக்கரையிலோ சாலையோரப் புறம்போக்கிலோ, தகரக் கூரையுடன், வாசலில் கோலத்துடன் நிற்கும். பட்டா இல்லை என்பதால் எந்தப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்காது. ஏட்டை மட்டும் நம்பி வரைந்த வரைபடத்தில் அவ்விடம் வெறும் நிலமாகவே தோன்றும். மழைவெள்ளம் வந்தால் முதலில் நீர் புகுவதோ அங்கேதான். நடந்து சென்று பார்த்தவர் அதை வரையலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் நிலவுரிமையைப் பதிவு செய்வதில்லை. கண்முன் நிற்பதையே பதிவு செய்கிறது. அவ்வாறு வரைவது அவ்வீட்டாருக்கு உதவியாகவும் அமையலாம், வெளியேற்றத்துக்கு அஞ்சி வாழ்வோருக்குக் கலக்கமாகவும் அமையலாம். அதனால் திறன்பேசியைத் தொடுமுன், வாசலில் நின்று, 'உங்கள் வீட்டைப் படத்தில் குறிக்கலாமா?' என்று கேட்பது வழக்கம். சிலர் வேண்டாம் என்பர். சிலர், எண் ஏதும் இல்லாத தம் கதவைக் காட்டி, என்ன எண் போடுவீர்கள் என்று திருப்பிக் கேட்பர்.

கற்பவை கற்றபின்…

உங்கள் வீட்டுக்குரிய சொத்துவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றில் முகவரி எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என ஒப்பிட்டு, வேறுபாடுகளுக்கான காரணங்களைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

உங்கள் தெருவின் இரு சிறகுகளையும் தலைவீட்டிலிருந்து தொடங்கி ஒரு தாளில் வரைக. ஒவ்வொரு வீட்டின் வாசல் எத்திசை நோக்கியது என்பதைக் குறிக்க. குடியிருப்போர் பெயரைத் தவிர்க்க.